விழிஞ்ஞத்து அலையும் வீட்டு ஆம்பிளிஃபையரும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள், ஓய்வு வேளையில் ஓர் ஆம்பிளிஃபையரைத் தம் கையாலேயே இணைத்துப் பாட்டுக் கேட்க விரும்புவோர் பலர் உளர். டில்லியில் லஜபத் ராய் மார்க்கெட்டிலும், மும்பையில் லாமிங்டன் சாலையிலும், பெங்களூரில் எஸ்.பி. சாலையிலும் இதற்கு வேண்டிய உறுப்புகள் யாவும் கிடைக்கின்றன. ஆயின் அவர்கள் முதலில் வாங்குவது ஸ்பீக்கரும் ஐ.சி. பொருத்திய பலகையுமே. அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் மின்வழங்கியை, மிஞ்சிய பணத்தில் இறுதியாகத் தேடுகின்றனர். இது தலைகீழான முறை என்பது நம் கருத்து. ஆம்பிளிஃபையர் தானாக எதனையும் படைப்பதில்லை. மின்வழங்கி தரும் மின்சாரத்தைப் பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஸ்பீக்கருக்குத் திறந்துவிடும் மதகு அது. ஏரி நீர் கலங்கியிருந்தால் மதகு என்ன செய்யும்?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. ஐ.சி.க்கு வேண்டுவதோ ஒரே திசையில் அமைதியாக ஓடும் மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றும் வேலையைக் கண்ணால் காண முடியாது. எனினும், இதே வேலையைப் பேருருவில் செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் உள்ள விழிஞ்ஞம் கடற்கரையே அது. பெரிய சரக்குக் கப்பல் துறைமுகமாக இன்று பேசப்படும் அவ்வூர், அதற்கு முன்பே கடலலையிலிருந்து மின்சாரம் எடுத்த ஊராகும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்த 150 கிலோவாட் அலைமின் நிலையம் அங்கே மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 1991-இல் இயங்கத் தொடங்கியது. கடலில் நிறுத்திய வெற்று கான்கிரீட் அறை அது. அதன் அடிப்புறம் நீருக்குள் திறந்திருக்கும். அலை ஏறும்போது உள்ளிருக்கும் காற்று மேலே தள்ளப்படும். அலை இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று இவ்வாறு இரு திசையிலும் மாறி மாறி வீசினாலும், அறையின் மேல் பொருத்திய டர்பைன் ஒரே திசையில்தான் சுழலும். இதற்கு வெல்ஸ் டர்பைன் என்று பெயர். பெல்ஃபாஸ்ட் நகரப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் 1970-களில் கண்ட உத்தி இது. இருபுறமும் ஒரே வடிவான இறக்கைகளே அதன் இரகசியம்.

நம் மின்வழங்கியில் நான்கு டயோடுகள் கொண்ட பிரிட்ஜ் செய்வதும் இதுவே. இரு திசை மின்சாரம் அதனுள் நுழைந்து ஒரு திசை மின்சாரமாக வெளிவருகிறது.

ஆயினும் திசை ஒன்றானது கொண்டு சீர்மை வந்துவிடாது. விழிஞ்ஞத்து டர்பைன் ஒவ்வோர் அலைக்கும் வேகம் கூடிக் குறைந்தது. மின்சாரமும் சில நொடிக்குள் உச்சிக்கு ஏறி அடிக்கு வீழ்ந்தது. அத்தகைய மின்சாரத்தை நேரே பயன்கொள்வது கடினம். பின்னாளில், 2004-ஐ ஒட்டி, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் அந்நிலையத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டினர். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் தரும் ஏற்பாடு அது. அலைக்கும் எந்திரத்துக்கும் நடுவே பாட்டரிகளை வைத்து, மிகுந்தபோது சேமித்து, குறைந்தபோது எடுத்துக்கொண்டனர். அந்நிலையம் இப்பொழுது இயங்கவில்லை. அது புகட்டிய பாடம் நம் மேசைமேல் இருக்கிறது.

நம் மேசையில் பாட்டரியின் இடத்தைப் பெறுவது மின்தேக்கி. கடைக்காரர் இதனைக் கண்டென்சர் என்பார். பிரிட்ஜுக்குப் பின் மின்சாரம் நொடிக்கு 100 முறை துள்ளுகிறது. அத்துள்ளலை நிரவாவிடில், பாட்டுக்கு அடியில் உம்மென்ற இரைச்சல் இடையறாது கேட்கும். எவ்வளவு பெரிய கண்டென்சர் வேண்டும்? ஒரு ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் வைத்தால் துள்ளல் ஏறத்தாழ ஒரு வோல்ட். 4,700 வைத்தால் இரண்டு வோல்ட். வீட்டு உபயோகத்துக்குப் பக்கத்துக்கு ஒரு 4,700 போதும். அதனை இரட்டிப்பதில் தவறில்லை. பத்து மடங்காக்குவது வீண் செலவு. அத்துடன், காலியான பெருந்தேக்கி மின்சாரம் பாய்ந்த முதற்கணம் பெருமளவு இழுத்து ஃபியூஸையும் டயோடையும் வருத்தும்.

இனி டிரான்ஸ்பார்மர். இங்கேதான் பலருடைய ஐ.சி. முதல் நாளிலேயே கருகுகிறது. டிரான்ஸ்பார்மர்மேல் எழுதிய எண் அலையும் மின்சாரத்தின் ஆர்.எம்.எஸ். எனப்படும் பயனுறு மதிப்பு. கண்டென்சரில் தேங்குவதோ அதன் உச்ச மதிப்பு, அதாவது 1.4 மடங்கு. பலரும் விரும்பும் டிடிஏ 2030 என்ற ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். 14 வோல்ட் கூட்டலும் 14 வோல்ட் கழித்தலும் தந்தால், 4 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 14 வாட் தரும். அது தாங்கும் எல்லை கூட்டல் கழித்தல் 18 வோல்ட். 18-0-18 டிரான்ஸ்பார்மரை, எண் பொருந்துகிறதே என்று வாங்கினால், தேங்குவது 25 வோல்ட், ஐ.சி. மாளும். 12-0-12 வாங்கினால் 17 வோல்ட் அளவில் நிற்கும். ஆனால் ஊர் மின்சாரம் சில வேளை 250 வோல்ட்டைத் தொடும். பாரம் ஏறாத டிரான்ஸ்பார்மரும் சற்று மிகுதியாகத் தரும். அப்பொழுது 18-ஐயும் கடக்கக்கூடும். ஆதலின் 22 வோல்ட் வரை தாங்கும் டிடிஏ 2030ஏ என்ற வகையைக் கேட்டு வாங்குதல் நலம். இரு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் போதும். கண்டென்சர் 25 வோல்ட்டுக்குக் குறையலாகாது. அதன் கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றி இணைத்தால் வெடிக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்பார்க்கும் வழி உண்டு. வகுப்பு டி எனப்படும் புதுவகைப் பலகைகளுக்கு ஒற்றை மின்சாரமே போதும். பழைய லாப்டாப்பின் 19 வோல்ட், 65 வாட் அடாப்டர் ஒன்று, இரு 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தலா ஏறத்தாழ 20 வாட் தரும். பலகை எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட் முழுவதும் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் கை படும் அபாயம் இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் முதன்முறை முயல்வோர்க்கு நாம் சொல்வது இதனையே. ஆனால் பெயரற்ற மலிவு அடாப்டர்களில் உயர் மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் காப்பு செவ்வனே இராது. பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதையே வாங்குக.

டிரான்ஸ்பார்மர் வழியே செல்வோர், உலோகப் பெட்டியை மூன்றாவது முளையாகிய எர்த்துடன் தவறாது இணைக்க வேண்டும். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை இருக்கும். பின்னால் எர்த் கம்பி இராது. மொழி தெரியாத ஊராயினும் எலக்ட்ரீஷியனை அழைத்து இதனைச் சோதித்த பின்பே வேலையைத் தொடங்குக. டிரான்ஸ்பார்மருக்கு முன் ஃபியூஸ் ஒன்று அவசியம். பாட்டு நுழையும் கம்பி டிரான்ஸ்பார்மரை விட்டு விலகியிருக்கட்டும். இல்லையேல் அதன் காந்தப் புலம் தனியே ஓர் இரைச்சலைச் சேர்க்கும்.

முதன்முறை ஸ்விட்ச் போடுகையில் ஐ.சி. பலகையை இணைக்காது, மின்வழங்கியை மட்டும் 60 வாட் குண்டு பல்பு ஒன்றுடன் வரிசையில் இணைத்துப் போடுக. பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் கண்டென்சர் நிரம்பிவிட்டது என்று பொருள். ஒளிர்ந்தபடியே நின்றால் எங்கோ முனைகள் மோதியிருக்கின்றன, உடனே நிறுத்துக. மங்கிய பின் மீட்டரை வைத்து இரு புறமும் 17 வோல்ட் அளவில் இருப்பதை அளந்து கொள்க. பிளக்கைப் பிடுங்கி, தேங்கிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்த பின்னரே பலகையை இணைக்க வேண்டும்.