மும்முறை வார்த்த சிலை

நாம் ஒரு வெண்கலச் சிலையைக் காணுங்கால் அதன் முடிந்த வடிவினையே காண்கின்றோம். அது கடந்துவந்த வழியை எண்ணுவதில்லை. சிற்பியின் கையிலே முதலில் உருப்பெறுவது பெரும்பாலும் களிமண் உருவமே. அதனின்று சாந்துருவம் எடுக்கப்படும். வார்ப்போர் அச்சாந்துருவைக் கொண்டு அச்சமைத்து, அச்சினுள் ஓர் உட்கருவை நிறுத்தி, இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலே செம்பும் வெள்ளீயமும் கலந்துருக்கிய குழம்பினை வார்ப்பர். ஆறியபின் அச்சை நீக்கி அராவி மெருகிடுவர். சாந்துருவம் எஞ்சியிருக்குமாயின் மீண்டும் வார்த்தல் கூடும். அவ்வாறு மீண்ட சிலையொன்றின் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

ஜேர்மனி நாட்டுச் சிற்பி ஏர்ண்ஸ்ற் பார்லாக் (1870–1938) உணர்வெளிப்பாட்டு நெறியினர். உறுப்புக்களை உள்ளவாறே காட்டுதலினும், உள்ளத்துணர்வைத் திரண்ட எளிய வடிவிற் புலப்படுத்தலே அந்நெறியினர் நோக்கம். முதலாம் உலகப் போரில் மாண்டோர் நினைவாகக் கியூஸ்ற்றோ நகரப் பேராலயத்துக்கு அவர் சமைத்த 'மிதப்பவர்' என்னும் உருவம் 1927ஆம் ஆண்டில் பேர்ளினிலுள்ள நோவாக் வார்ப்புச்சாலையில் வெண்கலமாயிற்று. மூடிய கண்களும், மார்பிற் குறுக்கிட்ட கைகளுமாய் அந்தரத்திற் கிடையாகத் தொங்கும் அவ்வுருவில் வாளும் இல்லை, வெற்றி முழக்கமும் இல்லை. அடங்கிய துயரே உண்டு. போரில் மகனை இழந்த ஓவியர் கேதே கொல்விற்ஸ் அம்மையாரின் சாயல் அம்முகத்திலே தோன்றும். அச்சாயல் தாம் கருதாமலே வந்தமைந்தது என்பது பார்லாக்கின் கூற்று.

இத்தகைய நினைவுச்சின்னத்தைப் போரைப் போற்றிய நாற்சி ஆட்சியினர் பொறுத்தாரல்லர். 1937இல் அது ஆலயத்தினின்றும் அகற்றப்பட்டது. மறு ஆண்டில் சிற்பியும் மறைந்தார். பின்னர் மூண்ட போரிலே படைக்கருவித் தேவைக்காகச் சிலை உருக்கப்பட்டது. போரில் இறந்தாருக்காக அழுத வெண்கலம் போருக்கே இரையாயிற்று!

ஆயினும் சாந்துருவம் எஞ்சியிருந்தது. பார்லாக்கின் நண்பர்கள் அதனைக் கொண்டு மறைவாக இரண்டாம் வார்ப்பொன்றைச் செய்வித்து, வட ஜேர்மனியிலே ஒரு சிற்றூரில் ஒளித்து வைத்தனர். போருக்குப்பின், 1952இல், அது கொலோன் நகர அந்தோனியர் ஆலயத்தில் இடம்பெற்றது. அதனின்றும் அச்செடுத்து வார்த்த மூன்றாம் உருவம் 1953இல் கியூஸ்ற்றோவுக்கு மீண்டது.

வெண்கலம் வலியது, சாந்து மெலியது என்பர். இங்கோ வலியது அழிந்தது. மெலியதே வடிவினைக் காத்தது. அம்மெலிய பொருளையும் காக்க அஞ்சாத சிலர் வேண்டியிருந்தனர். மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக.