கழகத்தின் பெயரும் மகளின் ஆட்டமும்

ஐக்கிய அமெரிக்காவில் பெண்பிள்ளைகள் ஆடும் சொவ்ற்போல், நாம் ஊரில் கண்ட மென்பந்துத் துடுப்பாட்டம் அன்று, பேஸ்போலை ஒத்தது. அதில் திறமை காட்டும் பிள்ளைக்குக் கல்லூரிப் புலமைப்பரிசில் கிட்டலாம்.

கோடைப் போட்டிகளில் ஒரே வேளையில் பல மைதானங்களில் ஆட்டம் நடைபெறும். அனைத்தையும் காண இயலாத கல்லூரிப் பயிற்றுநர்கள், பெயர்பெற்ற கழகங்கள் ஆடும் இடத்தையே முதலில் நாடுகின்றனர். கழகப் பயிற்றுநரின் பரிந்துரைக்கும் மதிப்புண்டு. முன்னர் அவர் புகழ்ந்தனுப்பிய பிள்ளைகள் சோபித்திருந்தால்தான் அம்மதிப்பு நிலைக்கும். என்.சி.ஏ.ஏ. சங்கம் 2018இல் வகுத்த விதிப்படி, 11ஆம் வகுப்பின் செப்டெம்பர் 1ஆம் திகதிக்கு முன்னர் முதற்பிரிவுக் கல்லூரிகள் பிள்ளையுடன் சேர்க்கை குறித்துப் பேசலாகாது. ஆயினும் ஆட்டத்தைக் கவனிப்பது முன்னரே தொடங்கிவிடுகிறது.

எனவே, பெற்றோர் பலர் பெருங்கட்டணம் செலுத்திப் புகழ்மிக்க கழகத்தை நாடுகின்றனர். அங்கு மகள் வாங்கிலேயே அமர்ந்திருப்பாளாயின், காண வந்தவர் எதைக் காண்பார்? பணம் கட்டுமுன் நாம் வினவவேண்டியவை இரண்டு: அவளுக்கு ஆடும் வாய்ப்புக் கிட்டுமா? இக்கழகத்துப் பிள்ளைகள் முன்னர் எக்கல்லூரிகளிற் சேர்ந்தனர்?

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. அங்கு கைகொடுப்பது பரீட்சைப் பெறுபேறே. ஆதலின், மாலைப் பயிற்சிக்காகப் பாடத்தைக் கைவிடலாகாது.