பிரிண்டரே, உனக்கு என்ன தெரியும்?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேசை மேல் விண்டோஸ் லேப்டாப். அப்பா கையில் ஆண்ட்ராய்டு, மகள் கையில் ஐபோன். மூலையில் லினக்ஸ் போட்டு ஓட்டும் பழைய கணினி. அலமாரி மேல் இருக்கும் பிரிண்டர் மட்டும் ஒன்று. அதைச் செய்த நிறுவனத்துக்கும் இந்த நான்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் யார் ‘பிரிண்ட்’ என்று தொட்டாலும் அது தாளை இழுத்துப் பக்கத்தை வெளியே தள்ளுகிறது. யாரும் சி.டி. போடவில்லை, டிரைவர் தேடவில்லை, தெரிந்த பையனைக் கூப்பிடவில்லை.

இருபது வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் நான்கைந்து கணினிகளை ஒரே பிரிண்டரோடு சேர்த்துவைக்கப் பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு முழுச் சனிக்கிழமை அதிலேயே போயிற்று. அதனால்தான் இந்த வீட்டுக் காட்சி எனக்குச் சாதாரணமாகப் படுவதில்லை. தொட்டதற்கும் தாள் நகர்வதற்கும் இடையில் இருக்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

லேசர் பிரிண்டரின் உருளைக்கு எழுத்து தெரியாது. புள்ளி வைக்கத்தான் தெரியும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் ஓர் ஏ4 பக்கத்தில் அகலவாக்கில் 4,960, உயரவாக்கில் 7,016. பெருக்கினால் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் கறுப்பு வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். தமிழ் என்றால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ‘கொ’ என்று தட்டினால் கணினியின் நினைவில் க முதலில் நிற்கும், ஒகரக் குறி அடுத்து நிற்கும். தாளிலோ கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில் விழ வேண்டும். ஆங்கில எழுத்துகளை மட்டும் வயிற்றுக்குள் வைத்திருந்த பழைய பிரிண்டர்களுக்கு இந்த இடமாற்றம் புரியாது.

இந்தக் கணக்கையெல்லாம் போடுவது கணினியா, பிரிண்டரா? பிரிண்டர்களின் கதை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது.

தொடக்கம் கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில். கேரி ஸ்டார்க்வெதர் 1971-இல் அங்கே லேசர் பிரிண்டரை இயக்கிக் காட்டினார். அவ்வளவு பெரிய, அவ்வளவு விலையுள்ள இயந்திரத்தை ஒருவர் மேசைக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? ஆய்வகத்தின் ஆல்டோ கணினிகள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்தாக வேண்டும். அதற்கு வழி தேடியபோது, 1973-இல் ராபர்ட் மெட்காஃப் எழுதிவைத்த குறிப்பில் பிறந்ததுதான் ஈதர்நெட். இன்று உலகத்தின் அலுவலகங்களை இணைத்திருக்கும் அந்தக் கம்பி, ஒரு பிரிண்டரைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தேவையையும் அடிப்படையாகக் கொண்டு பிறந்தது.

1985-இல் ஆப்பிள் கொண்டுவந்த லேசர்ரைட்டர், கணக்குப் போடும் பொறுப்பைப் பிரிண்டரிடம் கொடுத்தது. விலை 6,995 டாலர். ஒருவருக்கென வாங்கக்கூடிய விலை அல்ல; அதனால் பல மெக்கின்டாஷ்களுக்கு நடுவே ஒன்று என்று கேபிள் போட்டுப் பகிரும்படிதான் அதைச் செய்தார்கள். அந்தக் கேபிளில் விநாடிக்கு 2,30,400 பிட் மட்டுமே போகும். அமெரிக்க லெட்டர் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 84 லட்சம் புள்ளிகள். அத்தனையையும் ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒரு பக்கத்துக்கே முப்பத்தாறு விநாடி பிடிக்கும். அதனால் புள்ளிகளை அனுப்பவில்லை. ‘இந்த இடத்தில், இந்த அளவில், இந்த எழுத்தை வை, இங்கிருந்து அங்கே கோடு இழு’ என்ற வர்ணனையை அனுப்பினார்கள். அந்த வர்ணனை மொழிக்குப் பெயர் போஸ்ட்ஸ்கிரிப்ட். பார்க் ஆய்வகத்திலிருந்து வெளியேறி அடோபியைத் தொடங்கிய ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் கொடுத்த மொழி அது. அதைப் படித்துப் புள்ளியாக்க பிரிண்டருக்குள் 12 மெகாஹெர்ட்ஸ் செயலி வைத்தார்கள். ஆணை கொடுத்த மெக்கின்டாஷில் இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ். கேட்கிறவனை விடச் செய்கிறவனுக்கு மூளை அதிகம்!

மூளைக்கு விலை உண்டு. 1990-களில் கணினிகள் வேகமானதும், பிரிண்டரை மலிவாக்க அந்த மூளையை எடுத்துவிட்டார்கள். புள்ளிகளை விண்டோஸே கணக்கிட்டு அனுப்பும். பிரிண்டர் வெறும் கையாக இருக்கும். விலை நன்றாகவே இறங்கியது. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் அதன் உள்ரகசியம் அறிந்த ஒரு டிரைவர் மென்பொருள் கணினிக்குள் இருந்தாக வேண்டும் என்றாயிற்று. பத்து மாடல், மூன்று இயங்குதளம் என்றால் முப்பது டிரைவர். இயங்குதளத்தில் புதிய பதிப்பு வரும்போது அந்த முப்பதையும் திரும்ப எழுத வேண்டும். நிறுவனம் எழுதாமல் விட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர் ஒரே நாளில் எடைக்குப் போட வேண்டிய இரும்பாகிவிடும். லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் இதை முதல் நாளிலிருந்தே அனுபவித்தார்கள். பிரிண்டர் வேலை செய்யாமல் போனதற்கு நம்மில் பலர் நம்மையே நொந்துகொண்டோம். குற்றம் இந்த ஏற்பாட்டில் இருந்தது.

மொழி தெரியாதவர்களுக்கு நடுவே பாலம் போட முயன்றவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். கோப்புகளையும் பிரிண்டர்களையும் பகிர மைக்ரோசாஃப்ட் உலகம் பேசிய மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் இலக்கணம் அவர் கையில் இல்லை. கம்பியில் போய்வரும் செய்திகளைப் பார்த்துப் பார்த்தே 1992 வாக்கில் அந்த மொழியைக் கற்றார். பிரெஞ்சு தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் பரிமாறுபவர் என்ன கொண்டுவருகிறார் என்று கவனித்தே மொழி கற்பது போல என்று பின்னாளில் அதை விளக்கினார். அப்படிப் பிறந்ததுதான் சாம்பா. எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த பெயர். அதன் பிறகு விண்டோஸ் கணினி, லினக்ஸில் மாட்டிய பிரிண்டரைத் தன் வீட்டுப் பிரிண்டராகவே பார்த்தது.

ஆனாலும் டிரைவர் சிக்கல் தீரவில்லை. அது தீரக் கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது. பிரிண்டரைப் பற்றிக் கணினி முன்கூட்டியே எல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது ஏன்? பிரிண்டரையே கேட்டால் என்ன?

1999-இல் வெளியான இணைய அச்சு நெறிமுறை, சுருக்கமாக ஐபிபி, அதைத்தான் செய்தது. இணையப் பக்கங்கள் வந்துசேரும் அதே எச்டிடிபி மேல்தான் இதுவும் ஓடுகிறது. வாசல் எண் 631. கணினி முதலில் ஒரு கேள்வி அனுப்பும்: உனக்கு என்னென்ன தெரியும்? பிரிண்டர் பட்டியல் போட்டுப் பதில் சொல்லும். ஏ4 உண்டு, ஏ5 உண்டு. இரண்டு பக்கமும் அடிப்பேன். கலர் கிடையாது. பிடிஎஃப் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஜேபெக் கொடுத்தாலும் சரி. திரையில் நமக்குத் தெரியும் ‘இரு பக்கம்’, ‘கறுப்பு வெள்ளை’ போன்ற தேர்வுகள் அந்தப் பதிலிலிருந்து முளைப்பவை. கலர் இல்லாத பிரிண்டரில் கலர் பொத்தான் வராததற்குக் காரணம் அதுதான்.

தாளின் பெயரில்கூட எவ்வளவு கவனம் பாருங்கள். இந்த நெறிமுறையில் ஏ4 என்று மொட்டையாகச் சொல்வதில்லை. 210க்கு 297 மில்லிமீட்டர் என்ற அளவும் பெயரோடு ஒட்டியே வரும். அமெரிக்க லெட்டர் தாள் இதைவிட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. நம் ஊர் அலுவலகங்களில் தட்டு நிறையத் தாள் இருந்தும் பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு அடம்பிடித்தால், கோப்பு லெட்டர் அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிடி இருக்கும்.

மைக்கேல் ஸ்வீட் 1997-இல் எழுதத் தொடங்கிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் இந்த நெறிமுறையின் மேல் எழும்பியது. லினக்ஸ் விநியோகங்கள் அதை எடுத்துக்கொண்டன. 2002-இல் ஆப்பிளும் தன் மேக் கணினிகளுக்கு எடுத்துக்கொண்டது. இருந்தும் உலகம் உண்மையில் திரும்பியது கைபேசியால். ஐபோனில் பிரிண்டர் டிரைவர் நிறுவ இடமே இல்லை. எனவே 2010 நவம்பரில் ஏர்பிரிண்ட் வந்தபோது, டிரைவர் இல்லாமல் பேசத் தெரிந்த பிரிண்டர்களையே நிறுவனங்கள் செய்ய வேண்டியதாயிற்று. 2013-இல் பிரிண்டர் நிறுவனங்கள் கூடி மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின. ஆண்ட்ராய்டு அந்த வழியில் வந்தது. கடைசியாக விண்டோஸ். 2021 ஜூலையில் விண்டோஸின் அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலரில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. டிரைவர் நிறுவும் வழியாகவே ஒருவர் கணினியை முழுதாகக் கைப்பற்றலாம். மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. 2023-இல், பிற நிறுவனங்களின் பழைய வகை டிரைவர்களைத் தன் புதுப்பிப்புகள் மூலம் தரும் வழக்கத்தைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. மூளை மறுபடி பிரிண்டருக்கே போய்விட்டது.

கேள்வி கேட்பதற்கு முன் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? அதற்கும் அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. வீட்டு வலையமைப்பில் 224.0.0.251 என்ற பொது முகவரிக்குக் கைபேசி ஒரு குரல் கொடுக்கும்: இங்கே ஐபிபி பேசும் பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா? இருக்கும் பிரிண்டர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லும். ஆப்பிளின் ஸ்டூவர்ட் செஷயர் முன்னின்று உருவாக்கிய இந்த முறையில் பெயர்களை எழுதிவைக்கும் தனி சர்வர் எதுவும் தேவையில்லை.

இந்தக் குரல் ரூட்டரைத் தாண்டிப் போகாது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் கைபேசிக்கு அடுத்த அறையில் இருக்கும் பிரிண்டர் தெரியாததற்குக் காரணம் இதுதான். பிரிண்டரும் கைபேசியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது எப்போதும் முதல் வேலை. விண்டோஸில் பிரிண்டர் திடீரென ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், பெரும்பாலும் ரூட்டர் அதற்குப் புது முகவரி எண் கொடுத்திருக்கும். விண்டோஸ் பழைய எண்ணின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்பில் பிரிண்டருக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை போகும். 631-ஆம் வாசலை மட்டும் வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் லினக்ஸ் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை அந்த வழியாகத்தான் பயமுறுத்தியது.

பிரிண்டர் தன் நிலையைத் தானே சொல்ல வேண்டும் என்பது பழைய ஆசை. 1980-ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் இருந்தது. அடிக்கடி தாள் சிக்கும். பிரிண்ட் கொடுத்தவர் வேறொரு தளத்தில் உட்கார்ந்திருப்பார். வெகுநேரம் கழித்து வந்து பார்த்தால் வேலை பாதியில் நிற்கும். அங்கே பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டது பெரிதல்ல. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குப் பிரிண்டர் தகவல் சொல்ல வேண்டும். முந்தைய பிரிண்டருக்கு அப்படி ஒரு மாற்றத்தை அவரே எழுதியிருந்தார். புதிய பிரிண்டருக்கான மென்பொருளின் மூலநிரலை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, தர முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்ற பதில் கிடைத்தது. அந்த மறுப்பின் காயம் 1983-இல் அவர் அறிவித்த க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பின்னால் இருக்கிறது. ஐபிபியின் சொற்பட்டியலில் பிரிண்டர் தன் நிலையைச் சொல்ல வைத்திருக்கும் சொற்களில் ஒன்று ‘மீடியா ஜாம்’. தாள் சிக்கியிருக்கிறது என்று பொருள். அவர் கேட்டு மறுக்கப்பட்டது, இன்று எந்தக் கணினியும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய பதில்.

இனி, யூஎஸ்பி கம்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டர். ‘உனக்கு என்னென்ன தெரியும்?’ என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. அதன் சார்பில் இன்னொரு கருவி பதில் சொல்லலாம். உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியையோ யாரும் தொடாத பழைய லேப்டாப்பையோ எடுத்து, லினக்ஸும் கப்ஸும் போட்டு, அந்தப் பிரிண்டரை அதில் மாட்டிப் பகிர்ந்துவிட்டால் போதும். வலையமைப்பில் அது பிரிண்டர் சார்பாகக் குரல் கொடுக்கும், கேள்விக்குப் பதில் சொல்லும், வந்த பக்கத்தைப் பழைய பிரிண்டருக்குப் புரியும் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்கும். ஐபோன் அதைப் புதிய பிரிண்டர் என்றே நினைத்துப் பேசும்.

ஓபன்பிரிண்டிங் என்ற தன்னார்வக் குழு, லினக்ஸில் வேலை செய்யும் பிரிண்டர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பரணில் கிடக்கும் உங்கள் பிரிண்டரை எடைக்குப் போடும் முன், அதன் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.