துரை வீட்டுக் கடன்

"பக்கிங்காம் கால்வாய்ங்கறாங்களே... ராணியம்மா அரண்மனைக்கும் மரக்காணத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

போன மாதம் என்னோடு ஊருக்கு வந்த ஆபீஸ் நண்பர் கேட்டார். கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பக்கம் உப்பளப் பாத்திகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. இன்னொரு பக்கம் என் அண்ணன், கையில் ஒரு பேங்க் ஃபாரத்தோடு! வீட்டுக்கு மேலே மாடி எடுக்கப் போகிறானாம். லோனுக்கு ஜாமீன் கையெழுத்து நான் போட வேண்டுமாம்.

அண்ணனை, "சாயங்காலம் பார்க்கலாம்ணா" என்று சமாளித்துவிட்டு நண்பருக்குப் பதில் சொன்னேன். லண்டன் அரண்மனைக்குப் பெயர் கொடுத்தது வேறு வம்சம். நம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவர் 1875 முதல் 1880 வரை சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் - சாண்டோஸ் மூன்றாம் டியூக். ஆந்திராவில் பெத்த கஞ்சாமில் தொடங்கி சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் கால்வாயின் தெற்கு முனை எங்கள் மரக்காணம். ஒரு காலத்தில் இங்கிருந்து உப்பும் விறகும் படகிலேறிப் பட்டணம் போயின.

இவ்வளவு பெரிய பிரபு எதற்கு சார் கடல் கடந்து வந்து நம் ஊர் வெயிலில் சம்பள வேலை பார்த்தார்? அதற்குக் காரணம் ஒரு வீடு. வீடு என்றால் சும்மா வீடு இல்லை!

லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்காம்ஷயரில் 'ஸ்டோ' என்று ஓர் இடம். 1670-களின் கடைசியில் டெம்பிள் குடும்பத்தார் அங்கே செங்கல்லில் ஒரு வீடு கட்டினார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. நூறு வருஷம் விடாமல் கட்டிக்கொண்டே இருந்தார்கள். வான்ப்ரூ, கிப்ஸ், கென்ட், ராபர்ட் ஆடம் என்று அந்தக் காலத்தின் பெரிய கட்டடக் கலைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கை வைத்தார்கள். கடைசியில் முகப்பின் நீளம் மட்டும் 900 அடிக்கு மேல்! தாம்பரம் லோக்கல் ரயிலை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வாசலில் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

உள்ளே முட்டை வடிவத்தில் ஒரு கூடம். ரோமாபுரியின் பாந்தியன் கோயிலை மனதில் வைத்துக் கட்டியது. வெளிச்சம் மேலே விதானத்திலிருந்து இறங்கும். தூண்களுக்கு மேலே, சுற்றிலும் ஓர் ஊர்வலத்தைச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 300 உருவங்கள். வருகிறவர் பேச்சு மறந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு ஹால்!

தோட்டம் இன்னும் வேடிக்கை. குடும்பப் பெயர் டெம்பிள் ஆயிற்றே... தோட்டம் முழுக்கச் சின்னதும் பெரிதுமாகக் கோயில் கோயிலாகக் கட்டித் தள்ளினார்கள். சாமியும் கிடையாது, சுண்டலும் கிடையாது; பார்வைக்கு மட்டும். தோட்டத்தைச் சுற்றி வேலி இருந்தால் அழகு கெடும் என்று பள்ளத்துக்குள் சுவரை மறைத்து வைத்தார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி அடிவானம் வரை ஓடுகிற மாதிரி தெரியும். ஆனால் மாடு உள்ளே வர முடியாது. இந்தப் பள்ளச் சுவருக்குப் பெயர் 'ஹாஹா'. சத்தியமாக இதுதான் பெயர்!

1741-ல் அங்கே தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்த இளைஞர்தான் பின்னால் இங்கிலாந்து முழுக்கத் தோட்டம் போட்டுப் புகழ்பெற்ற 'கேப்பபிலிட்டி' பிரவுன்.

சரி, பணம்? இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. நம் கவர்னரின் அப்பா, இரண்டாம் டியூக், செல்வாக்குக்காகக் கடன் வாங்கி நிலம் வாங்கினார். நிலத்தில் வந்த குத்தகையைவிடக் கடனுக்குக் கட்டிய வட்டி அதிகம். இதைப் புரிந்துகொள்ள பி.காம்.கூட வேண்டாம், எங்கள் ஊர் பெட்டிக்கடைக்காரரே சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கடனோடுதான் 1845 ஜனவரியில் விக்டோரியா மகாராணியை வீட்டுக்கு அழைத்துத் தடபுடலாக விருந்து வைத்தார் மனிதர். வம்சச் சொத்தை அடகு வைக்க வாரிசின் சம்மதம் தேவை. மகனுக்கு 1844-ல்தான் 21 வயது நிரம்பியிருந்தது. அப்பா நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

(இந்த இடத்தில் நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். வரப்பில் குந்தி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.)

கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியது. 1847-ல் ஜப்தி. 1848-ல் வீட்டுச் சாமான்களை நாற்பது நாள் ஏலம் விட்டார்கள். படங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், நாற்காலிகள், எல்லாம். ஷேக்ஸ்பியர் என்றதும் நம் நினைவுக்கு வருகிற, காதில் வளையம் போட்ட அந்தப் படம்கூட அங்கேதான் 355 கினிக்குப் போயிற்று. எட்டு வருஷம் கழித்து லண்டன் தேசிய உருவப்பட காட்சியகத்தின் முதல் படமாயிற்று அது.

ஏலத்தில் மொத்த வசூல் சுமார் 75,000 பவுன். கடனில் ஏழரை சதவீதம்கூடத் தேறவில்லை. சனி பகவான் சீமை வரைக்கும் போயிருக்கிறார்!

900 அடி வீட்டுக்குச் சொந்தக்காரரான அப்பா, 1861-ல் லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில் செத்துப்போனார்.

மகன் வேறு மாதிரி. ஒரு பெரிய ரயில்வே கம்பெனிக்குத் தலைவராகி 1853 முதல் எட்டு வருஷம் உழைத்தார். பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தார். அப்பா போனபின் ஸ்டோவுக்குத் திரும்பினார். பிறகுதான் சென்னை வேலை.

வந்த நேரம், தாது வருஷப் பஞ்சம். மாகாண அரசு 30,000 டன் தானியத்தை ரகசியமாக வாங்கப் போய், வைஸ்ராய் லிட்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. கண்காணிக்க லிட்டன் அனுப்பிய அதிகாரி பெயரும் ரிச்சர்ட் டெம்பிள். இந்த வம்சத்துக்குத் தூரத்து உறவு. நிவாரண வேலை செய்பவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, மேலே ஓரணா போதும் என்று அவர் 1877 ஜனவரியில் வெட்டினார். டாக்டர் கார்னிஷ் என்ற சுகாதார கமிஷனர் கத்திச் சண்டை போட்டார். பிறகு டியூக்கின் அரசு படியை உயர்த்தியது. லண்டன் மேயருக்குத் தந்தியடித்து நன்கொடை கேட்டவரும் டியூக்தான். அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

அப்படிப் பஞ்ச வேலையாக 1877-78-ல் அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர் வெட்டினார்கள். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் இணைந்தன. வெட்டியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. கால்வாய்க்குக் கவர்னர் பெயர். அதே 1877-ன் கடைசியில் லிட்டன் சர்க்கார் சென்னை மாகாணத்தில் உப்பு வரியை ஏற்றியது. எங்கள் ஊர் உப்பு, அரைப்பட்டினிக்காரர்கள் தோண்டிய வழியாக, ஏற்றிய வரியோடு பட்டணம் போயிருக்கிறது. டியூக் அவர் வீட்டில் பட்டதை நினைத்தால் எனக்கு இரக்கம் வருகிறது. இதை நினைத்தால் அந்த இரக்கம் பாதியில் நின்றுவிடுகிறது.

1889-ல் அவர் இறந்தார். ஆண் வாரிசு இல்லை; டியூக் பட்டமும் போயிற்று. 1921-22-ல் வீடு விற்பனைக்கு வந்தது. 1923-லிருந்து அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. இந்த மாதிரி மாளிகைகள் பலவற்றை இருபதாம் நூற்றாண்டில் இடித்தே போட்டுவிட்டார்கள். அந்த முட்டைக் கூடம் தப்பியதற்கு இங்கிலீஷ் பையன்களின் ஸ்கூல் ஃபீஸ்தான் காரணம்!

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் மறுபடி ஃபாரத்தை நீட்டினான்.

"பேனா வச்சிருக்கியாடா?"

"வட்டி எவ்ளோண்ணா?"

சொன்னான்.

"மாடியில குடி வெச்சா வாடகை எவ்ளோ வரும்?"

பீடியை வரப்பில் தேய்த்து அணைத்தான். "இன்னாடா நீ, பேங்க்காரன் கேக்காததெல்லாம் கேக்கிற..." என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். நண்பர் பேனாவைத் தேடித் தன் சட்டைப்பையில் கை விட்டார். நான் கண்ணால் வேண்டாமென்றேன்.