முள்ளை முள்ளால் எடுக்கலாமா?

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அரசியலுக்கும் வழக்கு மன்றத்துக்கும் அது பொருந்தலாம். காலில் தைத்த முள்ளுக்கு மட்டும் அது பொருந்தாது. மண்ணில் கிடந்த இன்னொரு முள்ளை எடுத்துக் குத்திக் கிளறினால், முதல் முள் கொண்டுவந்த அழுக்கோடு இரண்டாவது முள்ளின் அழுக்கும் உள்ளே சேரும். நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். காதுக் குறும்பி வாங்கியோடு சேர்த்து ஒரே வளையத்தில் கோத்து, முள்வாங்கி என்ற சிறு கருவியையும் அவர்கள் வைத்திருந்தார்கள். இன்று கடையில் டுவீசர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் இது.

டில்லிப் பல்கலைக் கழகத்தில் பயிலும் நமக்கு இந்தச் செய்தி தேவையானதே. நம் வளாகத்தை ஒட்டிய ரிட்ஜ் காடு நிறைய ‘விலாயதி கீக்கர்’ மண்டிக் கிடக்கிறது. நம் ஊர்ச் சீமைக் கருவேலம்தான் இங்கே அந்தப் பெயரில் வாழ்கிறது! பந்தைத் தேடிக்கொண்டு அதனுள் புகுந்தவர்களுக்கு, ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும் அதன் முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடுதியிலோ பழைய மேசை, மூங்கில் கழி, உடைந்த கதவு ஆகியவற்றின் சிராய் விரலில் ஏறுகிறது. வீட்டிலென்றால் பாட்டி பார்த்துக்கொள்வார். இங்கே நாமேதான் நமக்குப் பாட்டி.

உள்ளே புகுந்த பொருள் எது என்பதை முதலில் அறிய வேண்டும். கண்ணாடித் துணுக்கும் இரும்புத் துணுக்கும் பெரும்பாலும் உடம்போடு அதிகம் சண்டையிடுவதில்லை. மரச் சிராயும் முள்ளும் அப்படியல்ல. அவை உயிருள்ள பொருளிலிருந்து வந்தவை. எண்ணெய்ப் பசையும் கிருமிகளும் அவற்றில் ஒட்டியிருக்கும். வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்து தாக்குவதால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. ஆகவே மரமும் முள்ளும் தைத்தால் ‘தானே வெளியே வந்துவிடும்’ என்று நாட்களைக் கடத்தலாகாது.

இனி, எடுக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலில் கைகளைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவுக. பிறகு தைத்த இடத்தையும் அவ்வாறே கழுவித் துடைக்க வேண்டும். மரச் சிராயாக இருந்தால் அந்த இடத்தை வெகுநேரம் நீரில் ஊறவைக்கக் கூடாது. மரம் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், எளிதில் உடையும். முள்வாங்கியையும், தேவையானால் ஓர் ஊசியையும் மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும். நெருப்பில் காட்டினால் கரி படியும். அந்தக் கரியும் காயத்துக்குள் போகும். ஸ்பிரிட் தடவிய ஊசியை நெருப்பின் அருகே கொண்டுபோவது அதைவிட ஆபத்து.

நல்ல வெளிச்சம் வேண்டும். பூதக் கண்ணாடி இருந்தால் நலம். இல்லையென்றால் நண்பர் ஒருவர் கைபேசியின் விளக்கைப் பிடிக்கட்டும். சிராயின் நுனி வெளியே தெரிந்தால், தோலுக்கு மிக அருகில் அதைப் பற்றி, எந்தச் சாய்வில் உள்ளே போயிற்றோ அதே சாய்வில் மெதுவாக இழுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் நார் முறிந்து, பாதி உள்ளேயே தங்கிவிடும்.

நுனி தோலுக்குள் மறைந்திருந்தாலும், மேலாகத் தெரிகிறது என்றால், ஊசி முனையால் அதன் மேலுள்ள தோலை மட்டும் மெல்லக் கீறி, நுனியைத் தூக்கி, முள்வாங்கியால் பிடிக்கலாம். இரண்டு விரல்களால் பிதுக்கி எடுக்க முயல்வது பலருடைய வழக்கம். அது சிராயை உடைக்கும், ஆழத்திற்கும் தள்ளும். பல்லால் கடித்து எடுப்பதும் பிளேடால் அறுப்பதும் அறவே கூடாது. சற்று முயன்றும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

எடுத்த பிறகு, வந்தது முழுமையாக வந்ததா என்று பார்க்க வேண்டும். மீண்டும் சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, சிறிது வாஸலின் தடவிப் பிளாஸ்திரி ஒட்டினால் போதும். சுண்ணாம்பு வேண்டாம், சாணம் வேண்டவே வேண்டாம். முள் குத்திய இடத்தில் எருக்கம் பால் விடுவது நம் கிராமங்களில் உண்டு. அந்தப் பால் கையோடு கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். ஆதலால் அதையும் விட்டுவிடுவோம்.

இத்தனை சிறிய காயத்துக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். காரணம் ரண ஜன்னி. டெட்டனஸ் என்று ஊசி போடுகிறார்களே, அந்த நோய்தான். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதைபோல உறங்கிக் கிடக்கும். காற்றில்லாத இடத்தில்தான் அது விழித்துப் பெருகும். அகன்ற காயத்தில் காற்றுப் படுகிறது. முள் போட்ட துளையோ குறுகலாகவும் ஆழமாகவும் இருந்து வாயை மூடிக்கொள்கிறது. கிருமிக்கு இதைவிட நல்ல வீடு ஏது? அது சுரக்கும் நஞ்சு நரம்பு வழியே ஏறித் தசைகளை இறுக்குகிறது. பெரும்பாலும் முதலில் தாடை இறுகும். பிறகு கழுத்தும் முதுகும் வில்லாக வளையும். இது பெரும்பாலும் 3 நாள் முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும். அதற்குள் முள் குத்தியதையே நாம் மறந்திருப்போம்.

1889-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அடுத்த ஆண்டே அவரும் பெரிங் என்ற ஜெர்மானியரும் இதன் நஞ்சை முறிக்கும் பொருள் இரத்தத்தில் தோன்றுவதைக் காட்டினார்கள். பின்னர் வந்த தடுப்பூசி இந்நோயின் கொடுமையை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் மண்ணிலிருந்து கிருமியை ஒழிக்க முடியாது. ஒருமுறை இந்நோய் வந்து பிழைத்தவருக்கும் அதனால் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. தடுப்பூசி ஒன்றே காப்பு.

நம் நாட்டு அட்டவணைப்படி, குழந்தைப் பருவ ஊசிகளுக்குப் பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் இந்த ஊசி உண்டு. சுத்தமான சிறு காயமாயின், கடைசி ஊசி போட்டு 10 ஆண்டுகள் கடந்திருந்தால் மறு ஊசி வேண்டும். மண் படிந்த முள் என்றால் 5 ஆண்டுகள் கடந்திருந்தாலே வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 வயதில் போட்டுக்கொண்ட மாணவர் 20 வயதில் முள் மிதித்தால் கவலையில்லை. அதைத் தவறவிட்டு 10 வயதோடு நின்றவருக்கு, அதே 20 வயதில் தவணை முடிந்துவிட்டது. குழந்தையில் போட்டதே ஐயம் என்றால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் ஊசியோடு வேறு மருந்தும் தர வேண்டியிருக்கலாம். ஆகையால் இன்றே வீட்டில் கேட்டு, கடைசி ஊசி போட்ட ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றில் நாமே கை வைக்கக் கூடாது. கண்ணிலோ கண்ணருகிலோ தைத்தது, நகத்தடியில் ஆழமாகப் போனது, முறிந்து உள்ளே தங்கியது, விரல் மரத்துப்போனது அல்லது மடங்காமற் போனது, இவை யாவும் மருத்துவருக்கு உரியவை. நீரிழிவு உள்ளவர் எதையும் தாமதிக்கலாகாது. மரத்துண்டு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றாலும் வலி நீடித்தால், குத்தியது மரம் என்று எடுத்துச் சொல்லுங்கள். எடுத்த பின்னரும் சிவப்பு பரவினால், விண்ணென்று தெறித்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். சில வாரங்கள் கழித்துக் கட்டி தோன்றி, கைமேல் வரிசையாக ஏறினால், அது முள்வழி புகுந்த பூஞ்சைக் காளானாக இருக்கலாம். இமயமலை அடிவாரப் பகுதிகளில் இது காணப்படும் நோய்; அதற்கும் மருந்து உண்டு.

மொழி தெரியாமல் தயங்குவோருக்கு ஒரு சொல். இந்தியில் முள்ளுக்குக் ‘காண்டா’ என்றும், சிராய்க்கு ‘ஃபான்ஸ்’ என்றும் பெயர். இவ்விரண்டும் தெரிந்தால் இங்குள்ள மருந்துக்கடையில் காரியம் நடக்கும். ஒரு முள்வாங்கி, சிறு புட்டி ஸ்பிரிட், பிளாஸ்திரி, சோப்பு, இவை நான்கும் விடுதியின் ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெட்டியில் இருக்குமானால், அதுவே நம் சங்கம் இவ்வாண்டு செய்யும் நற்பணிகளுள் ஒன்றாகும்.