கடுகளவு காரீயம்



மாலை வேளையில் கொருக்குப்பேட்டையின் குறுகலான தெரு ஒன்றில் நடந்து செல்வதாக எண்ணிக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் சரக்கு ரயில் கடகடத்துப் போகிறது. மறுபக்கம் லாரிகள் புழுதியைக் கிளப்புகின்றன. ஒரு வீட்டு வாசற்படியில் இரண்டு வயதுக் குழந்தை உட்கார்ந்து மண்ணை அளைந்து விளையாடுகிறது. சற்று நேரத்தில் அதே கையை வாயில் வைத்துச் சப்புகிறது. உள்ளேயிருந்து ஓடிவந்த அக்கா, "ச்சீ, கையை எடு!" என்று அதட்டுகிறாள்.

அந்த அதட்டலில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. அதற்கு முன் ஒரு கேள்வி. "இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வடசென்னை மாணவராக இருந்தால், உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கவும் கூடும். இது உண்மையா? அறிவியல் இப்படிப்பட்ட பேச்சை அப்படியே ஏற்பதில்லை. கோபித்துக்கொண்டு ஒதுக்குவதும் இல்லை. அளந்து பார்க்கிறது.

மூளை உருவாகும் பருவம்

பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடையுள்ளது. வளர்ந்தவரின் மூளை 1,300 முதல் 1,400 கிராம். இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே நடந்து விடுகிறது. ஆறு வயதில் மூளை தன் முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டி விடும்.

எடை மட்டும் பெருகுவதில்லை. நரம்புச் செல்களுக்கு இடையே கோடானுகோடி இணைப்புகள் தோன்றுகின்றன. பீட்டர் ஹட்டன்லாக்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் மூளையின் முன்பகுதித் திசுக்களை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து இவ்விணைப்புகளை எண்ணினார். ஒன்று, இரண்டு வயதில் அவற்றின் அடர்த்தி வளர்ந்தவருக்கு உள்ளதைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்று 1979இல் அறிவித்தார். பிறகு, நெருக்கமாக முளைத்த கீரைப் பாத்தியைக் கலைத்து விடுவது போல, பயன்படாத இணைப்புகள் நீங்குகின்றன, பயன்படுபவை உறுதிப்படுகின்றன.

ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், செல்லின் முனைக்குள் கால்சியம் அயனிகள் நுழைய வேண்டும். அதுதான் சாவி. இந்த இடத்தில்தான் காரீயம் வேலையைக் காட்டுகிறது. கால்சியம் அயனியைப் போலவே காரீய அயனிக்கும் இரண்டு நேர் மின்னூட்டங்கள். பருமனிலும் அதிக வேறுபாடு இல்லை. ஆகவே செல்லாக் காசு நல்ல காசோடு கலந்து புழங்குவது போல, கால்சியம் செல்லும் இடங்களுக்கெல்லாம் காரீயமும் போகிறது. ஆனால் கால்சியத்தின் வேலையை அது செய்வதில்லை, கெடுக்கிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்து விடுவோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். அதில் காரீயத்தைக் கலப்படம் செய்திருந்தால்தான் ஆபத்து. பென்சிலுக்குள் இருப்பதும் காரீயம் அன்று. அது கிராபைட் எனும் கரி.

எவ்வளவு போதும்?

15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறத்தாழ 1.2 லிட்டர் இரத்தம் இருக்கும். இரத்தத்தில் உள்ள காரீயத்தை 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுவர். அந்த அளவு 10 என்றால், குழந்தையின் இரத்தம் முழுவதிலும் 120 மைக்ரோகிராம் இருக்கிறது. இப்போது ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கடுகை எண்ணுங்கள். அது காரீயத்தால் ஆனதாக இருந்தால் அதன் எடை சுமார் 20 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள். கடுகளவு காரீயம் 160க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தை அந்த நிலைக்குக் கொண்டு போகப் போதுமானது!

இவ்வளவு சிறிய அளவை எப்படி அளப்பது? ஒரு துளி இரத்தத்தில் ஒரு மின்முனையை வைத்து எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், காரீய அயனிகள் அதன்மேல் படியும். பிறகு மின்னழுத்தத்தை மாற்றினால் அவை மீண்டும் கரையும். அப்போது பாயும் மின்னோட்டத்தைக் கொண்டு காரீயத்தின் அளவை அறியலாம். நீங்கள் படிக்கும் மின்பகுப்புப் பாடம்தான் இது.

சென்னையில் எடுத்த கணக்கு

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன், கவிதா பழனியப்பன் ஆகியோரும், அனன்யா ராய், ஹோவர்ட் ஹூ முதலிய அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சென்னைப் பள்ளிகளில் பயின்ற 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்தனர். முடிவுகள் 2009இலும் 2011இலும் வெளியாயின. இரத்தத்தில் காரீயத்தின் சராசரி அளவு 11.4. பெட்ரோலில் காரீயம் சேர்ப்பது 2000இல் நம் நாட்டில் நின்ற பிறகு கிடைத்த அளவு இது. இன்று அமெரிக்காவில் 3.5ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை.

குழந்தைகளுக்கு வைத்த சோதனைகள் விளையாட்டுப் போன்றவை: பார்த்து வரைதல், ஒத்த உருவத்தைக் கண்டுபிடித்தல், துளைப் பலகையில் சிறு முளைகளைச் செருகுதல். காரீயம் 10 அலகு கூடினால், மதிப்பெண் சராசரியாக 2.6 குறைந்தது. காரீயம் மிகுந்த குழந்தைகளிடம் கவனச் சிதறலும் பதற்றமும் மிகுதி என்பதை ஆசிரியர்கள் நிரப்பிய படிவங்கள் காட்டின.

"வறுமைதான் காரணமாக இருக்கலாமே?" என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. அதனால்தான் வயது, குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்து, அவற்றின் விளைவை நீக்கிப் பார்த்தார்கள். அதன் பின்னும் காரீயத்தின் தொடர்பு எஞ்சி நின்றது. காரீய உருக்காலை அமைந்த ஆஸ்திரேலியத் துறைமுக நகரான போர்ட் பிரியில், குழந்தைகளைப் பிறப்பு முதல் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே காட்டியது.

2.6 என்பது சொற்பம் அல்லவா? ஒரு குழந்தைக்குச் சொற்பந்தான். அதை வைத்து எந்தக் குழந்தையையும் மந்தம் என்று சொல்ல முடியாது. ஊருக்குக் கணக்குப் பாருங்கள். சராசரி 100 ஆக உள்ள ஒரு சோதனையில், ஒரு லட்சம் குழந்தைகளில் சுமார் 2,300 பேர் 70க்குக் கீழே பெறுவார்கள் எனக் கொள்வோம். எல்லோருடைய மதிப்பெண்ணும் 2.6 இறங்கினால், அத்தொகை சுமார் 3,400 ஆகிவிடும். கூடுதலாக 1,100 குழந்தைகள்!

ஏழை வீட்டில் ஏன் அதிகம்?

காரீயம் ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. ஆனால் அது நுழையும் வழிகள் ஏழை வீட்டில் அதிகம். குடலில் இரும்புச் சத்தை உள்ளே எடுத்துச் செல்லும் அதே புரதம் காரீயத்தையும் எடுத்துச் செல்கிறது. இரும்பு குறைந்த உடலில் அது காரீயத்தை மிகுதியாக வாரிக் கொள்ளும். 2019–21இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. வெறும் வயிற்றிலும் காரீயம் அதிகமாக ஏறும். பழைய பேட்டரி உடைக்கும் இடத்திலோ பற்றவைக்கும் பட்டறையிலோ வேலை செய்யும் தந்தையின் சட்டையில் ஒட்டி அது வீட்டுக்கே வருகிறது. உதிரும் பழைய பெயிண்டிலும் இருக்கிறது.

ஆக, "படிப்பு ஏறாது" என்ற பேச்சுக்கு விடை கிடைத்து விட்டது. குறை பிள்ளையின் பிறப்பிலும் இல்லை, பேட்டையின் பெயரிலும் இல்லை. வெளியிலிருந்து வருவதைத் தடுக்க முடியும். அமெரிக்கக் குழந்தைகளின் சராசரி 1976–80இல் 15 ஆக இருந்தது. பெட்ரோல், பெயிண்ட் முதலியவற்றிலிருந்து காரீயத்தை நீக்கிய பின் இன்று 1க்கும் கீழே. நம் நாட்டிலும் 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

வீட்டில் நீங்களும் செய்யக் கூடியவை உண்டு. தரையை வறட்டுத் துடைப்பத்தால் மட்டும் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலையிலிருந்து வரும் அப்பா, உடை மாற்றிக் கை கழுவிய பிறகு குழந்தையைத் தூக்கட்டும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நெல்லிக்காயும் விலை குறைந்த காவலர்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் முட்டையையும் தம்பி தங்கைகள் தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். அவர்களோடு பேசி, கதை சொல்லி விளையாடுங்கள். ஜமைக்கா நாட்டில் வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, வீட்டிலேயே செய்த பொம்மைகளைக் கொண்டு தாய்மாருக்கு விளையாட்டு முறை கற்பித்தனர். இரண்டே ஆண்டுகள்தான். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அக்குழந்தைகள் மற்றவர்களைவிடக் கால் பங்கு கூடுதலாகச் சம்பாதித்தனர்.

வாசற்படியில் விட்டு வந்த குழந்தையை மீண்டும் பாருங்கள். அக்கா அதன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, போகும் ரயிலைக் காட்டிப் பெட்டிகளை எண்ணிச் சொல்லித் தருகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று...

உங்கள் வீட்டிலும் ஒரு சின்னக் குழந்தை இருக்கிறதல்லவா?