சின்ஸும் ஃபாரும்

பெங்களூரில் அலுவலகத்திற்கு விடுப்புக் கடிதம் வரையும் தமிழன்பர், காய்ச்சல் ‘சின்ஸ் டூ டேஸ்’ என்று எழுதிவிடுகிறார். ‘ஃபார் டூ டேஸ்’ என்பதே முறை. விடுப்பு கிடைத்துவிடும், நேர்முகத் தேர்விலோ இப்பிழை உறுத்தும்.

இம்மயக்கத்திற்கு அண்டை மொழி வழக்கும் துணைபோகிறது. கன்னடத்தில் ‘ஸோமவாரதிந்த’, ‘எரடு தினதிந்த’ என இரண்டிற்கும் ஒரே உருபு. இந்தியின் ‘ஸே’யும் அவ்வாறே. தமிழோ தொடக்கத்தைத் ‘திங்கட்கிழமை முதல்’ என்றும், கால அளவை ‘இரண்டு நாட்களாக’ என்றும் வேறுபடுத்துகிறது. ஆகவே முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘முதல்’ வருமிடத்தில் சின்ஸ், ‘ஆக’ வருமிடத்தில் ஃபார்.

வினைச்சொல்லில் மட்டும் தமிழ் கைகொடாது. நாம் ‘அவதிப்படுகிறேன்’ என்பதை ஆங்கிலேயர் இவ்விடத்தில் ‘ஐ ஆம் ஸஃபரிங்’ என்னாது, ‘ஐ ஹாவ் பீன் ஸஃபரிங்’ என்பர்.